திருட்டுக் கொடுத்த பிள்ளையார்

முத்து நகர் பூங்காவுக்குப் பிள்ளையார் வந்தது பக்தியால் அல்ல, பயத்தால். இதைச் சொன்னால் முத்து நகர்க்காரர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். நடந்தது அதுதான்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், பஸ்காரர்கள் வேண்டாவெறுப்பாக நிறுத்திவிட்டுப் போகிற தும்பைக்குளம் பேரூராட்சியில் இருக்கிறது முத்து நகர். மனை போட்டு விற்றபோது பூங்காவுக்கென்று விட்ட இடம் வீடுகளுக்கு நடுவே இருக்கிறது. பூங்கா என்றதும் நீரூற்றையும் புல்தரையையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். சுற்றிலும் கம்பி வேலி, இரண்டு வாகை மரம், ஒரு புங்க மரம், ஒரு பக்கம் சாய்ந்துபோன சிமென்ட் பெஞ்சு, ஓரமாகச் சுற்றிவரக் கல் பாவிய நடைபாதை. அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானுக்காகத்தான் இத்தனையும் நடந்தது.

சித்திரை வெயிலில் ஒருநாள் பூங்கா கேட்டில் அறிவிப்பு ஒட்டினார்கள். பேரூராட்சியில் உள்ள பூங்காக்களைக் குடியிருப்புப் பகுதியாக வகைமாற்றம் செய்து, ஓடைக்கரையில் இருப்பவர்களுக்கு அடுக்குமாடி வீடு கட்டப் போகிறார்களாம். ஆட்சேபணை உள்ளவர்கள் எழுதித் தரலாமாம்.

நகர் நலச் சங்கத்தின் செயலாளர் அபுதாஹிர். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டில் சிமென்ட், பெயின்ட், கம்பி விற்கிற கடை வைத்திருக்கிறார். கையெழுத்து அழகாக இருக்கும், யாரோடும் சண்டைக்குப் போக மாட்டார் என்ற இரண்டு காரணங்களுக்காக அவரைச் செயலாளராக்கி வைத்திருந்தார்கள். மனு எழுதும் வேலை அவர் தலையில் விழுந்தது. எழுதுவதற்கு முன்னால் கடையில் லோடு இறக்குகிற சோலைராஜைக் கூப்பிட்டுக் கேட்டார். சோலைராஜ் ஓடைக்கரைக்காரன். வீடு கட்டுவதே அவனைப் போன்றவர்களுக்குத்தான். அவன் வயிற்றில் அடிக்கிற மனுவாக அது இருந்துவிடக் கூடாது என்று அவருக்கு இருந்தது.

"எங்களக் கேட்டா போட்டாவ முதலாளி?" என்றான் சோலைராஜ். "பழைய சந்தைத் திடல் எம்புட்டு இடம் சும்மா கெடக்கு. எங்க ஓடையில இருந்து கூப்பிடு தூரம். அங்க கட்டுனா பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் பக்கம். உங்க வீட்டு வாசல்ல கொண்டாந்து எங்களக் குடியேத்துனா உங்களுக்கும் சங்கடம், எங்களுக்கும் சங்கடம்."

அபுதாஹிர் அதையே எழுதினார். வீடு வேண்டாம் என்று சொல்லவில்லை, சந்தைத் திடலில் கட்டுங்கள், பூங்காவை விட்டுவிடுங்கள் என்று. அக்கம்பக்கத்தார் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அவருக்குப் பூங்கா எதற்கு என்று கேட்டால் ஊர் நன்மை, பசுமை, நல்ல காற்று என்றெல்லாம் சொல்வார். உண்மையான காரணம் ஒன்றுதான்; அவருடைய மனைவி மாஜிதா. அவளுக்குச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைந்துகொண்டே வந்தது. தினமும் நடக்க வேண்டும், ஆனால் செருப்பில்லாமல் வீட்டுக்குள்கூட ஓர் அடி வைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அபுதாஹிர் மதுரை வரை போய் வெள்ளை ஷூ ஒன்று வாங்கி வந்தார். கறுப்பு புர்காவும் வெள்ளை ஷூவுமாக அவள் சாயங்காலம் பூங்காவைச் சுற்றி நடப்பாள். பக்கத்தில் அனுசியா நடப்பாள். மம்சாபுரத்தில் பிறந்து இங்கே வாக்கப்பட்டவள், வீட்டிலேயே நைட்டி தைத்துக் கடைகளுக்குப் போடுகிறவள். வாய் கொஞ்சம் நீளம்.

"என்ன மதினி, ஒலிம்பிக்குக்கா போறீய? செத்த மெதுவா நடங்க, என்னால ஆகல" என்பாள்.

மாஜிதா சிரித்துக்கொண்டே இன்னும் வேகமாக நடப்பாள். நாள் முழுக்க வீட்டுக்குள் வாய் திறக்காதவள் அந்த ஒரு மணி நேரத்தில் ஊர்க்கதை அத்தனையும் பேசித் தீர்த்துவிட்டுத் திரும்புவாள். அவள் முகத்தைப் பார்க்கிறதற்காகவே அபுதாஹிர் கடையைச் சீக்கிரம் பையன்களிடம் விட்டுவிட்டு வந்து அந்தச் சாய்ந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

மனு கொடுத்தாகிவிட்டது. ஆனால் சங்கத் தலைவர் ஆண்டிச்சாமிக்கு மனுவில் நம்பிக்கை இல்லை. ஆலங்குளம் சிமென்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனு என்ன கதியாகும் என்று தமக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது என்பது அவர் எண்ணம். தம் வீட்டு மாடியில் கூட்டம் போட்டார்.

"மனுவ நம்பி ஒக்காந்திருந்தா நாளைக்கு ஜேசிபி வந்து நிக்கும். ஒரு பிள்ளையாரக் கொண்டாந்து நடுவுல வச்சிருவோம். எந்த ஜேசிபிக்காரன் தொடுதான்னு நானும் பாக்கேன்."

எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது. இவ்வளவு சுலபமான வழி இருக்க, மனு எழுதி நேரத்தைப் போக்கினோமே என்ற முகங்கள். பிறகு ஒவ்வொருவராக அபுதாஹிர் பக்கம் திரும்பினார்கள். விரோதமாக இல்லை, தர்மசங்கடமாக.

"பாய், நீங்க ஒண்ணும் வித்தியாசமா நினைக்கக் கூடாது" என்றார் ஆண்டிச்சாமி.

"இதுல நினைக்கிறதுக்கு என்ன இருக்கு அண்ணாச்சி? பார்க் நின்னாப் போதும். சிமென்ட்டு நம்ம கடையில இருந்து அனுப்புதேன்."

சும்மா ஒப்புக்குச் சொல்லவில்லை. இருப்பதிலேயே நல்ல சிமென்ட்டாகப் பார்த்து அனுப்பினார். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளையார் குட்டியானை வண்டியில் வந்து இறங்கினார். முழங்கால் உயரம்தான் இருப்பார்; நல்ல களையான முகம். பீடம் கட்டினார்கள். தகரக் கூரை போட்டார்கள். மணி வந்தது, விளக்கு வந்தது, உண்டியல் வந்தது. கடைசியாக, பெரிதாக யோசிக்காமல், யாரோ ஒரு போர்டு எழுதிக் கேட்டில் மாட்டினார்கள். பாதணிகளை வெளியே விடவும் என்று.

அன்று சாயங்காலம் மாஜிதா கிளம்பிப் போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டாள்.

"யாரும் எதும் சொன்னாவளா?" என்று கேட்டார் அபுதாஹிர்.

"யாரும் ஒண்ணும் சொல்லலங்க. போர்டுதான் சொல்லுது."

ஆண்டிச்சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நடைபாதைக்கு மட்டும் செருப்பு போகலாம் என்று எழுதிவிட்டிருப்பார். அபுதாஹிருக்கு நாக்கு எழவில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று பேரூராட்சியில் போய்த் தயங்காமல் கேட்க முடிகிற மனிதரால், பிள்ளையார் இருக்கும் இடத்தில் என் மனைவி ஷூவோடு நடக்கட்டும் என்று கேட்க முடியவில்லை. அந்தப் பேச்சு தம் வாயிலிருந்து போய்விட்டால், போகிற வழியில் யார் யார் வாயில் எப்படி எப்படி மாறுமோ என்று பயந்தார். இத்தனை வருஷம் அண்ணன் தம்பியாகப் பழகிய இடத்தில் இப்படி ஒரு பயமா என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கப்பட்டும் பயம் போகவில்லை.

மாஜிதா தெருவில் நடந்து பார்த்தாள். ஒரு பக்கம் நாய், இன்னொரு பக்கம் காதில் போனை வைத்துக்கொண்டு வருகிற பைக். ஒருநாள் தண்ணீர் டிராக்டருக்கு ஒதுங்கப் போய் கல்தடுக்கி விழுந்தாள். கட்டைவிரலில் காயம். மற்றவர்களுக்கு இரண்டு நாளில் ஆறுகிற காயம் அவளுக்கு ஆறவே இல்லை. நடக்காவிட்டால் சர்க்கரை இறங்காது, சர்க்கரை இறங்காவிட்டால் புண் ஆறாது, இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டி வரும் என்றார் டாக்டர். அதன்பிறகு அவள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள், செக்குமாடு மாதிரி. பேச்சு நின்றுபோனது.

ஏன் வருவதில்லை என்று கேட்க வந்த அனுசியா மாடியேறி இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டாள்.

"அட, பாழாப்போன போர்டே! எனக்கு இது தோணலயே மதினி. இப்பமே போயி அதப் பிடுங்கி எறியுதேன்."

மாஜிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, எனக்காகன்னு மட்டும் சொல்லிராத. சத்தியமாச் சொல்லாத."

அனுசியா போர்டை விட்டுவிட்டு, தானும் மாஜிதாவோடு சேர்ந்து தொட்டியைச் சுற்றி நடந்தாள். 

ஆனி மாதக் கடைசியில் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி ஆட்சேபணையை விசாரிக்க வந்தார். கேட்டில் செருப்பைக் கழற்றினார். பிள்ளையாரைக் கும்பிட்டார். திருநீறு பூசிக்கொண்டார். பிறகு ஆண்டிச்சாமியைப் பார்த்து, "எங்கே சார் பூங்கா?" என்று கேட்டார்.

"இதுதான் சார்."

"இது கோயிலாச்சே? கூரை இருக்கு, உண்டியல் இருக்கு. பூங்கா நிலத்தை நீங்களே வேற உபயோகத்துக்கு மாத்திட்டீங்க. பேரூராட்சி வீடு கட்டினா மட்டும் தப்புன்னு நான் எப்படி எழுதுறது?"

"சாமி சார்..." என்று இழுத்தார் ஆண்டிச்சாமி.

"நானும் கும்பிட்டுட்டுத்தானே வந்தேன்! மனு நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. சந்தைத் திடல் யோசனையும் சரியாத்தான் படுது. ஆனா இந்த இடத்தைப் பூங்கான்னு எழுத எனக்குக் கை வராது. ஆடிப்பூரம் கழிச்சு மறுபடி வருவேன். அன்னைக்குக் கண்ணுல என்ன படுதோ அதத்தான் எழுதுவேன்."

ஜீப் போனதும் மறுபடி மாடியில் கூட்டம். பிள்ளையாரை எடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. யார் எடுப்பது என்று கேட்டபோதுதான் ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள்.

"வச்சவன் நானு. என்னைய எடுக்கச் சொல்லாதீங்கப்பா. பேரன் பேத்தி எடுத்த குடும்பம்" என்றார் ஆண்டிச்சாமி. மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருப்பதாக ஒருவர் சொன்னார். இடுப்பு வலி என்றார் இன்னொருவர்.

அனுசியாதான் பேசினாள். "நாம எடுத்தாத்தான பாவம்? திருடிட்டுப் போயிட்டா?"

எல்லோரும் நிமிர்ந்தார்கள். காசு கொடுத்து வாங்கி வைக்கிற பிள்ளையாரைவிடத் திருடிக் கொண்டுபோய் வைக்கிற பிள்ளையாருக்குத்தான் சக்தி அதிகம் என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். திருடினவனுக்குப் பாவமில்லை. திருட்டுக் கொடுத்தவனுக்கும் குற்றமில்லை. அதற்கு ஒரே ஒரு முறை உண்டு: திருட்டுக் கொடுக்கிறவனுக்கு விஷயம் தெரியக் கூடாது.

"நான் எதுவும் கேக்கல" என்று சொல்லிவிட்டு ஆண்டிச்சாமி மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார். உடனே எல்லோரும் ஆடிப்பூரத் தேருக்கு எத்தனை வேன் பிடிக்கலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். தேரன்றைக்கு நகரில் ஒரு வீட்டிலும் ஆளிருக்காது, எல்லோரும் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருப்பார்கள் என்று இரண்டு மூன்று பேர் சத்தமாகச் சொன்னார்கள். அவ்வளவுதான். ஒருத்தரும் சரி என்று சொல்லாமலே முடிவாகிவிட்டது.

ஒரு வீட்டில் ஆளிருக்கும் என்பது அபுதாஹிருக்கு மட்டும் உறைத்தது. பூங்காச் சாவியும் செயலாளர் என்ற முறையில் அவரிடம்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து மாஜிதாவிடம் சொன்னார்.

"வேண்டாங்க" என்றாள் அவள். "விரல் போனாப் போகுது. அன்னைக்கு ஊரே காலியா இருக்கும். பிள்ளையாரக் காணோம்னா மொதல்ல யார் வீட்டக் கைகாட்டுவாவ? இது உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். நன்றாகவே தெரியும். அவள் காலில் சுற்றியிருந்த கட்டைப் பார்த்தார். மறுநாள் கடையில், லாரியிலிருந்து கம்பி இறக்கிக்கொண்டிருந்த சோலைராஜிடம் விஷயத்தைச் சொன்னார். அவன் கண் கலங்கிப்போனான்.

"ஓடை வெள்ளத்துல எங்க பிள்ளையார் போனதுல இருந்து வேப்பமரத்தடியில பீடம் வெறுமன கெடக்கு முதலாளி. திருடித்தான் வைக்கணும்னு குறி சொல்லிட்டாவ. திருட எங்க போவோம்னு இருந்தோம். ஐயா அவராவே வாராரு!"

ஆடிப்பூரத்தன்று காலையில் வேன்கள் கிளம்பிப் போயின. முத்து நகர் ஓய்ந்து கிடந்தது. சோலைராஜும் அவன் தெருக்காரர்கள் நாலைந்து பேரும் லோடு ஆட்டோவில் வந்தார்கள். திருட வந்தவர்கள் மாதிரியா வந்தார்கள்! குளித்து, வேட்டி கட்டி, மாலையும் சாம்பிராணியுமாகப் பெண் அழைக்க வந்தவர்கள் மாதிரி வந்தார்கள். அபுதாஹிர் கேட்டைத் திறந்துவிட்டு வெளியிலேயே நின்றார்.

சூடம் காட்டிக் கும்பிட்டுவிட்டு அசைத்தார்கள். பிள்ளையார் அசையவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்தும் அசையவில்லை.

"நம்ம கடை சிமென்ட்டா முதலாளி?" என்று கேட்டான் சோலைராஜ்.

"ஆமாப்பா."

"அதான் இந்தப் பிடி பிடிச்சிருக்கு. கடப்பாரை இருந்தாக் குடுங்க."

வீட்டுக்குப் போய்க் கடப்பாரையை எடுத்து வந்தார். உள்ளே போகாமல் வேலிக்கு மேலாக நீட்டலாம் என்று பார்த்தார், கை எட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். சோலைராஜ் பீடத்தைத் தொட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கும்பிட்டு முடிக்கட்டும் என்று அபுதாஹிர் கடப்பாரையை ஊன்றிப் பிடித்தபடி பிள்ளையாருக்கு முன்னால் நின்றார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைத் தாடி, கையில் கடப்பாரை. அந்த நேரம் பார்த்துத்தான் முன்பின் தெரியாத ஒருத்தன் பைக்கை நிறுத்தினான். போனை நீட்டிப் பிடித்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. எடுத்தான், போய்விட்டான்.

பீடத்தின் ஓரத்தை மட்டும் பெயர்த்துப் பிள்ளையாருக்கு ஒரு கீறல்கூட விழாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். அபுதாஹிர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். தண்ணீர் குடிக்கக்கூட இல்லை, போனில் வந்துவிட்டது. முத்து நகர் வாட்ஸ்அப் குழுவிலேயே யாரோ போட்டிருந்தார்கள். கோயிலை இடிக்கிறார்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று கீழே எழுதி, அவர் கடப்பாரையோடு நிற்கிற வீடியோ. குழுவில் இருக்கிற அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தது. ஒருத்தரும் ஒரு பதில் போடவில்லை. ஆண்டிச்சாமிக்குப் போன் அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தது. அனுசியாவின் போன் அணைந்திருந்தது.

மதியத்துக்குள் வாசலில் பத்துப் பதினைந்து பைக். யாரும் அந்த நகர்க்காரர்கள் இல்லை. ஒருத்தன் கேட்டை உதைத்தான். மாஜிதா உள்ளறையில் துஆ ஓதிக்கொண்டிருந்தாள். அவள் குரல் நடுங்குவது வெளியே கேட்டது. என்ன காரியம் செய்தோம் என்று அபுதாஹிர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு போலீஸ் ஜீப் வந்தது. எஸ்.ஐ. இளவயதுப் பெண். கூட்டத்தைத் தள்ளி நிறுத்திவிட்டு அவரைப் பூங்காவுக்கு அழைத்துப் போனார். அதே நேரத்தில் முதல் வேனும் வந்து நின்றது. ஆண்டிச்சாமியும் மற்றவர்களும் நெற்றியில் திருமண்ணோடு இறங்கினார்கள்.

"கேட்டைத் திறந்தது யாரு?" என்று கேட்டார் எஸ்.ஐ.

"நான்தாங்கம்மா."

"கடப்பாரை?"

"என்னோடதுதான்."

"ஏன் செஞ்சீங்க? யார் சொல்லிச் செஞ்சீங்க?"

அபுதாஹிர் வாயைத் திறந்தார். எல்லோருக்கும் தெரியும்மா, இவர்கள் எல்லோரும் கூடிப் பேசியதுதான் என்று சொல்லிவிடலாம். சொன்ன பிறகு இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டால்? போலீஸுக்கு அவர் அவ்வளவு பயப்படவில்லை. அந்த ஒரு 'இல்லை'யைக் காதால் கேட்கத்தான் பயந்தார். வாயை மூடிக்கொண்டு முகங்களைப் பார்த்தார். அவர் கடையில் பெயின்ட் வாங்கி அடித்த வீட்டுக்காரர்கள். அவர் வீட்டுப் பிரியாணியைப் பெருநாளுக்குப் பெருநாள் சாப்பிட்டவர்கள். ஆண்டிச்சாமி வாகை மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் ஆண்டிச்சாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருட்டுக் கொடுத்தவர்களுக்கு எதுவும் தெரியக் கூடாது என்பதுதானே முறை!

"சொல்லுங்க பாய்" என்றார் எஸ்.ஐ.

அவர் சொல்லவில்லை. அவர்களும் சொல்லவில்லை. வெளியே பைக்கில் வந்தவர்கள் கத்துகிற சத்தம் மட்டும்தான்.

இரண்டாவது வேன் வந்து நிற்கும் முன்பே அனுசியா குதித்தாள். பின்கொசுவம் அவிழ, கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அவியள என்ன கேக்கீய? என்னையக் கேளுங்க. பிள்ளையாரத் திருடச் சொன்னது நாந்தான்."

"நீங்க யாரும்மா?"

"இதே தெருதான். எங்கண்ணன் கதவத்தான் திறந்துவிட்டாரு. பிள்ளையாரு ஓடைக்கரையில சௌக்கியமா இருக்காரு, போயிப் பாருங்க. பூங்கா போகக் கூடாதுன்னு கொண்டாந்து வச்சோம், அவரு இருந்தா பூங்கா போயிரும்னு ஆயிட்டுது. எங்களுக்கு எடுக்கத் தைரியமில்ல, அதான் திருடக் குடுத்தோம்." பிறகு ஆண்டிச்சாமி பக்கம் திரும்பினாள். "ஏன் மாமா, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீய? அன்னைக்கு மாடியில நீங்க இல்லயா?"

ஆண்டிச்சாமியின் முகம் கறுத்துவிட்டது. "இருந்தேன்" என்றார். கொஞ்சம் சத்தமாக, "எல்லாரும் இருந்தோம்மா. தலைவர் நான்தான். எங்க யாருக்கும் புகார் இல்ல" என்றார்.

"எனக்கும் இல்ல" என்றார் இடுப்பு வலிக்காரர். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒரு வாய் திறந்தால் மற்ற வாய்களெல்லாம் எவ்வளவு சுலபமாகத் திறக்கின்றன!

எஸ்.ஐ. ஓடைக்கரைக்குப் போனார். வேப்பமரத்தடியில் பிள்ளையார் மாலை மரியாதையோடு உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்களாம். கும்பிட்டுவிட்டு, தாமும் ஒரு கை சுண்டல் வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். வீடியோ எடுத்தவனை விசாரிப்பதாகச் சொன்னார். பைக்கில் வந்தவர்களை எந்தத் தெரு, யார் பிள்ளை என்று அனுசியா ஒவ்வொருவராக விசாரிக்க ஆரம்பித்ததும் வாசல் காலியாகிவிட்டது.

ஆடி முடிவதற்குள் அதிகாரி மறுபடி வந்தார். கூரையும் பீடமும் போர்டும் இல்லை. செருப்போடு உள்ளே நுழைந்து, சாய்ந்த பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணில் பட்டதை எழுதிக்கொண்டு போனார். முத்து நகர் பூங்கா பூங்காவாகவே இருக்கட்டும் என்று உத்தரவு வந்தது. சந்தைத் திடலை அளக்க ஆள் வந்ததாகச் சோலைராஜ் சொன்னான்.

மாஜிதா நடந்துகொண்டிருந்தாள். விரல் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆனால் புண் சுருங்கி வருகிறது என்றார் டாக்டர். பக்கத்தில் அனுசியா மூச்சு வாங்கிக்கொண்டே ஏதோ சொல்ல, மாஜிதா சத்தமாகச் சிரித்தாள். அபுதாஹிர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தேரன்றைக்குப் பிறகு அவர் யாரிடமும் முகம் கொடுக்காமல் இல்லை. எல்லோரிடமும் பேசினார், சிரித்தார். குழுவில் தண்ணீர் வரும் நேரத்தைப் போட்டார். ராத்திரி படுத்தால் மட்டும் அன்று பூங்காவில் வாய் திறக்காமல் நின்ற அந்த முகங்கள் வந்தன.

ஆண்டிச்சாமி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.  துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"பாய், அன்னைக்கு நான் மொதல்ல பேசியிருக்கணும்" என்றார்.

பரவாயில்லை அண்ணாச்சி, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்ல வந்தது அபுதாஹிருக்கு. அப்படித்தான் இந்த ஊரில் இத்தனை வருஷமாக எல்லாவற்றுக்கும் சொல்லி வந்திருக்கிறார். அன்று அவர் அதைச் சொல்லவில்லை. ஆண்டிச்சாமியை நேராகப் பார்த்தார்.

"ஆமா அண்ணாச்சி," என்றார். "பேசியிருக்கணும்."

ஆண்டிச்சாமியின் கண் நிறைந்துவிட்டது. அவர் எழுந்து போகவில்லை. பெண்கள் இரண்டு பேரும் நடந்து முடிக்கும் வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.